குழலின் உட்புறம்

செஞ்சிக்கோட்டை வீழ்ந்த கதையோ வந்தவாசிப் போரின் கதையோ பேசப்படும் இடங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறது. வெள்ளையனிடம் குறி தவறாத துப்பாக்கி இருந்தது. நம்மிடம் வாளும் வேலும்தான் இருந்தன. சரித்திர நாவல்களில் கோட்டை மதிலின் மேல் நிற்கும் வீரன் தொலைவிலிருந்து வரும் ஒற்றைக் குண்டுக்குப் பலியாகிறான். திரைப்படங்களில் அதே குண்டு இன்னும் அதிகத் தொலைவிலிருந்து வருகிறது. மேடைப்பேச்சில் அது தோல்விக்கான சமாதானமாகவும் ஆகிவிடுகிறது. கருவி மேலானது, ஆகவே தோற்றோம், இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்ற சமாதானம்.

இந்த வாக்கியம் தவறு என்பது என் கருத்து. தகவல் பிழையாக மட்டும் இருந்தால் இத்தனை எழுதத் தேவையில்லை. நம் வரலாற்றில் உண்மையாகவே கூர்ந்து பார்க்க வேண்டிய ஓரிடத்தை அது மறைத்துவிடுகிறது. அந்த இடம் துப்பாக்கிக் குழலின் உட்புறம்.

முதலில் நிலப்பரப்பைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சி, வடக்கே வந்தவாசி, கிழக்கே மரக்காணம் சாலையில் பெருமுக்கல். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே விக்கிரவாண்டி. விழுப்புரத்துக்குத் தென்கிழக்கே கடற்கரையில் கடலூரும் தேவனாம்பட்டினமும். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரியும்வரை இவற்றில் பெரும்பாலானவை தென்னாற்காடு மாவட்டத்துக்குள் இருந்தவை. 1750இலிருந்து 1761 வரையிலான பத்துப் பதினோரு ஆண்டுகளில் இந்தச் சிறு பரப்புக்குள் நடந்த சண்டைகள்தான் இந்தியாவில் எந்த ஐரோப்பியக் கம்பெனி நிலைக்கும் என்பதைத் தீர்மானித்தன. 1750 செப்டம்பரில் புஸ்ஸி செஞ்சியைப் பிடித்தார். 1752இல் விக்கிரவாண்டியில் ஆங்கிலேயர் தோற்றார்கள். 1758இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையான செயின்ட் டேவிட்டை லாலி பிடித்துத் தரைமட்டமாக்கினார். 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் அதே லாலி அயர் கூட்டிடம் தோற்றார்.

இந்தச் சண்டைகளில் இரு தரப்பிலும் சுடப்பட்ட துப்பாக்கி எப்படிப்பட்டது? அதற்குப் பதில் சொல்லும் தகுதி அன்று உலகிலேயே அதிகமாக இருந்த மனிதர் இதே கடற்கரையில்தான் இருந்தார். இதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம் என்று தெரியவில்லை.

பெஞ்சமின் ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். போரையே மறுக்கும் சமயக் குழு அது. பெரும்பாலும் தானாகவே கற்ற கணித அறிஞர். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கியியல் நூல்தான் குண்டின் பாதை பற்றிய நவீன அறிவியலின் தொடக்கம் எனலாம். 1745இல் ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீண்ட விளக்கவுரை சேர்த்தார். 1746இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் கோட்டைகளைச் சீரமைக்கும் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750 ஜூலையில் தேவனாம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரே ஆண்டில், 1751 ஜூலை 29இல், காய்ச்சலில் அங்கேயே இறந்தார். அவர் வந்த சில வாரங்களில்தான் செஞ்சி விழுந்தது. அப்போது புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தைச் சொல்லால் அளந்தவரும் குண்டை எண்ணால் அளந்தவரும் ஒரு பகல் நடைத் தொலைவுக்குள் ஓராண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

ராபின்ஸ் செய்தவை எளிய சோதனைகள். முதலாவது, கனமான மரப்பலகையை ஊசலாகத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுடுவது. பலகை எவ்வளவு தூரம் பின்னுக்குப் போகிறது என்பதை அதில் கட்டிய நாடா காட்டும். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். அதுவரை எவரும் அளந்திராத வேகம் அது. துப்பாக்கிக் குண்டு ஒலியைவிட வேகமாகச் செல்கிறது என்பதும், காற்றின் தடை அன்றைய பீரங்கிக்காரர்கள் நினைத்ததைவிடப் பலமடங்கு பெரிது என்பதும் இவ்வழியாகவே தெரியவந்தன. கலிலியோ காலத்திலிருந்து பாடப்புத்தகங்களில் வரைந்துவந்த அழகிய பரவளைவுப் பாதை, வேகமாகச் செல்லும் குண்டுக்குப் பொருந்தாது என்றாகிவிட்டது.

இரண்டாவது சோதனைதான் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. துப்பாக்கியை அசையாமல் ஓரிடத்தில் பொருத்தி, வழியில் வரிசையாக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டு, அவற்றினூடே மீண்டும் மீண்டும் சுட்டார். ஒவ்வொரு திரையிலும் விழுந்த துளையைப் பார்த்தால் குண்டு எங்கே எந்தப் பக்கம் விலகியது என்று தெரிந்துவிடும். குண்டுகள் ஒரே வழியில் போகவில்லை. ஒன்று இடப்புறம் வளைந்தது, அடுத்தது வலப்புறம். விலகலும் தொலைவோடு சீராக வளராமல் அதைவிட வேகமாக வளர்ந்தது. சுடுபவரின் கை நடுங்கியது என்று சொல்ல வழியில்லை, ஏனெனில் துப்பாக்கி பொருத்தப்பட்டிருந்தது. குண்டே வழிதவறிக்கொண்டிருந்தது.

காரணத்தையும் அவர் கண்டார். அன்றைய படைத்துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. விரைவாகக் கெட்டிக்க வேண்டும் என்பதற்காகக் குண்டைக் குழலின் விட்டத்தைவிடச் சிறிதாகவே வார்ப்பார்கள். ஆங்கிலேயப் படைத்துப்பாக்கியின் குழல் ஏறத்தாழ முக்கால் அங்குலம். குண்டு அதைவிட ஏறக்குறைய அரைக்கால் அங்குலத்தில் பாதியளவு குறைவு. மருந்து வெடித்ததும் குண்டு குழலின் சுவர்களில் மோதிமோதி வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ப ஏதோவொரு அச்சில் சுழன்றபடி போகும். சுழலும் உருண்டையைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு, சுழலும் பந்து காற்றில் விலகுவதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இதை மெய்ப்பிக்க ஒரு குழலின் முனையை இடப்புறமாக வளைத்துச் சுட்டுக் காட்டினார். குண்டு முதலில் இடப்புறம் போய், பின் திரும்பி, தொலைவில் நேர்க்கோட்டுக்கு வலப்புறமாகப் போய் விழுந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து மாக்னஸ் என்ற ஜெர்மானியரின் பெயரால் இந்த விளைவு அழைக்கப்பட்டது.

தீர்வு ஏற்கனவே வேட்டைக்காரர்களின் கையில் இருந்தது. குழலின் உட்சுவரில் திருகுபுரி போல வரிப்பள்ளங்களை வெட்டினால், குண்டு தன் பாதையையே அச்சாகக் கொண்டு சுழலும். அப்போது பக்கவாட்டுத் தள்ளல் எழாது. அதுதான் ரைபிள். பள்ளங்கள் குண்டை நேராக வழிநடத்துகின்றன என்று பலரும் எண்ணிக்கொண்டிருந்தபோது, அவை தருவது சுழற்சியை என்று விளக்கியது ராபின்ஸின் 1747ஆம் ஆண்டுக் கட்டுரை. முட்டை வடிவக் குண்டை முயன்று பார்க்கலாம் என்றும், எந்த நாடு இத்தகைய குழலைத் தன் படைக்கு முழுமையாகக் கொடுக்கிறதோ அது மற்றவற்றை விஞ்சிவிடும் என்றும் அதில் சொன்னார். அவர் தேவனாம்பட்டினத்தில் கரையிறங்கியபோது அவர் சொல்லைப் பின்பற்றியவர் எவரும் இல்லை. கம்பெனியின் சிப்பாய்களும், பிரெஞ்சுக்காரர்களும், நவாபின் ஆட்களும் சுட்டது வழவழப்பான குழலால்தான்.

ஆகவே செஞ்சியை எடுத்தது குறி தவறாத துப்பாக்கி அல்ல. புஸ்ஸியின் ஆட்கள் அங்கே இரவில் ஏறினார்கள். இருளில் குறிபார்க்க என்ன இருக்கிறது? வந்தவாசியில் இரு தரப்பும் ஐரோப்பியர் தலைமையில் ஒரே வகைத் துப்பாக்கிகளோடு நின்றன. அங்கே பிரெஞ்சு இடதுபக்கம் குலைந்தது, ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டொன்று அவர்களுடைய வெடிமருந்து வண்டியில் போய் விழுந்து அது வெடித்ததால். எதிரி மிக அருகில் வரும்வரை பொறுத்திருந்து, ஒரே நேரத்தில் வரிசையாகச் சுடுவதுதான் அன்றைய முறை. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனிமனிதனைக் குறிவைத்துச் சுடுவது ஏறத்தாழ மருந்தை வீணாக்குவதுதான். வரிசை, பயிற்சி, மாதாமாதம் கிடைக்கும் சம்பளம், அந்தச் சம்பளத்தைக் கொடுக்கும் வணிக மூலதனம், ஒருவரையொருவர் வீழ்த்த வெளியாரை அழைத்துக்கொண்ட நவாபுகள். வெற்றிக்கும் தோல்விக்கும் காரணங்கள் இவை. கருவியின் மேல் பழிபோட்டால் இவற்றில் ஒன்றைப் பற்றியும் பேசாமல் தப்பித்துக்கொள்ளலாம். என் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு சான்று. கம்பெனி தன் இந்தியப் படைகளுக்கென்று 39 அங்குலக் குழல் கொண்ட மலிவான துப்பாக்கியைச் செய்வித்தது. அரசுப் படையின் பழைய துப்பாக்கிக்கு 46 அங்குலக் குழல், பின்னர் 42. குழலைக் குறைத்து, வேலைப்பாட்டைக் குறைத்து, செலவையும் குறைத்தார்கள். 1790களில் பிரான்சோடு போர் மூண்டு துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் அரசே இந்த ‘இந்திய மாதிரி’யை வாங்கிக்கொண்டது, பின்னர் நெப்போலியனோடு நடந்த போர்களிலும் அதுவே பெருமளவில் சுடப்பட்டது. புதுக்குழல் போட்ட மலிவுத் துப்பாக்கி ஐரோப்பாவின் போர்க்களத்துக்கே போதுமானதாக இருந்தது. ஏழு அங்குலத்தை வெட்டியதால் படைகள் இழந்தது எதுவும் இல்லை. வெட்டியெறிய அதில் துல்லியம் என்று ஒன்று இருந்தால்தானே இழப்பு.

இங்கே சற்று விலகி, ஒரு துப்பாக்கியின் துல்லியத்தைச் சோதிப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இன்றும் மலிவான ரைபிள் ஒன்றுக்குப் புதிய குழலைப் பொருத்துபவர் நூறு கஜத்தில் மூன்று குண்டு சுட்டு, துளைகள் நெருங்கி விழுந்தால் குழல் அருமை என்று சொல்லிவிடுகிறார். இதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்துகிடக்கின்றன. துளைகளின் நடுப்புள்ளி இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது ஒன்று. அதைப் பார்வைக்குறியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். துளைகள் தமக்குள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது மற்றொன்று. குழலின் தரம் வெளிப்படுவது இரண்டாவதில்தான். அந்தச் சிதறலும் எண்ணிக்கையோடு வளரும். ஒரே துப்பாக்கியில், தற்செயல் விலகல் மட்டுமே இருந்தால், பத்து குண்டுகளில் மிகத் தொலைவான இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரம், மூன்று குண்டுகளில் கிடைப்பதைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல். மூன்றில் 2 அங்குலம் காட்டிய துப்பாக்கி பத்தில் 3 அங்குலத்தைத் தாண்டும். பழைய குழலில் பத்து சுட்டு, புதுக்குழலில் மூன்று சுட்டு ஒப்பிட்டால் எந்தக் குழலும் முன்னேற்றமாகவே தெரியும்.

ஆகவே நேர்மையான சோதனைக்குச் சில விதிகள் உண்டு. இரண்டு குழலுக்கும் ஒரே தோட்டா, ஒரே தொலைவு, ஒரே தாங்கி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். குழல் சூடேறினால் ஆறவிட வேண்டும். காற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, பிடிக்காத துளையைக் கணக்கிலிருந்து விலக்கக் கூடாது. ராபின்ஸ் செய்தது இதைத்தான். சுடுபவரை விலக்கினார், மீண்டும் மீண்டும் சுட்டார், வந்ததை எழுதினார். நம் மரபில் குறி என்பது எப்போதும் ஆளுடையது. கிளியின் கண்ணை மட்டும் கண்ட அர்ச்சுனன், பெருவிரலைக் கொடுத்த ஏகலைவன் என்று நாம் கொண்டாடுவது வில்லாளியை. வில்லைச் சோதித்தவனை நாம் கதையில் வைப்பதில்லை. 1714இல் செஞ்சியில் இறந்த தேசிங்கு ராஜனுக்குக் கதைப்பாடல் உண்டு, குதிரைக்கும் அதில் இடமுண்டு. கருவியை அளந்து பார்ப்பவனுக்குப் பாட்டு இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கருவியை அறியாமலே கருவியின் மேல் பழிபோடுவது இதன் தொடர்ச்சி என்று தோன்றுகிறது.

இனி குழலின் கதையின் அடுத்த பகுதி. ராபின்ஸ் சொன்ன நாள் வர நூறாண்டு ஆயிற்று. ரைபிளில் குண்டு இறுகப் பொருந்த வேண்டும், ஆகவே கெட்டிக்க நேரமாகும் என்பதே தடையாக இருந்தது. 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே, எளிதாக உள்ளே இறங்கி, வெடிக்கும்போது விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும் கூம்புக் குண்டை உருவாக்கினார். 1853இல் என்ஃபீல்ட் ரைபிள் வந்தது. குண்டு குழலுக்குள் வழுக்கிச் செல்லத் தோட்டாவின் காகிதத்தில் கொழுப்பு பூச வேண்டியிருந்தது. அந்தக் கொழுப்பு என்ன என்ற கேள்வியில் 1857 தொடங்கியதை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதைப் பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. குழலின் உட்புறம் மாறியதால்தான்.

அதன்பின் நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் மையம். கிளர்ச்சியை அடக்கிய பிறகு பிரிட்டிஷார் இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858ஆம் ஆண்டு மாதிரி என்ற துப்பாக்கியை வழங்கினார்கள். வெளியே பார்த்தால் அதே என்ஃபீல்ட். உள்ளே பள்ளங்களைக் குடைந்தெடுத்துக் குழலை வழவழப்பாக்கியிருந்தார்கள். தொலைவுக்கேற்ப ஏற்றியிறக்கும் பார்வைக்குறியையும் எடுத்துவிட்டு எளிய நிலைக்குறி ஒன்றை வைத்தார்கள். வெள்ளைச் சிப்பாயிடம் பல நூறு கஜத்துக்குக் குறிவைக்கக்கூடிய ரைபிள். பக்கத்தில் நிற்கும் இந்தியச் சிப்பாயிடம் ராபின்ஸ் காகிதத் திரையில் வெட்கப்படுத்திய அதே சிதறல். உலகெங்கும் துப்பாக்கிக்குப் புதுக்குழல் போடுவது துல்லியத்தைக் கூட்டத்தான். இங்கே துல்லியத்தைத் திட்டமிட்டுக் கழிக்கப் புதுக்குழல் போட்டார்கள்.

குறி தவறாத துப்பாக்கி வெள்ளையனிடம் இருந்தது என்ற வாக்கியம் உண்மையாக ஆவது இந்தப் புள்ளியில்தான். செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் நூறாண்டுக்குப் பிறகு. அதுவும் இயல்பாக அமைந்த மேன்மையாக இல்லை. ஆட்சி கையில் வந்தபின் பங்கிட்டுக்கொடுத்த ஒன்றாக. நம்மை வென்றதற்குத் துல்லியம் காரணமல்ல. வென்றபின் நமக்கு மறுக்கப்பட்டதுதான் துல்லியம். முன்னும் பின்னும் இடம்மாற்றிவிட்டால் வரலாற்றின் பொருளே மாறிவிடுகிறது.

பிறகு 1878இன் ஆயுதச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1959இன் சட்டம். இன்றும் நடப்பிலுள்ள இந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் துப்பாக்கியையும், பயிர்க்காவலுக்கு வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியையும் தனியாக எடுத்துச் சொல்லி, அவற்றுக்கான உரிமத்தை மற்றவற்றைவிட எளிதாக்குகிறது. மனிதர்களைப் பிரிப்பதை விட்டுவிட்டோம். குழலின் உட்புறத்தைப் பிரிப்பதை விடவில்லை. 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைச் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும்கூட உரிமம் வேண்டும். .303 போன்ற படைத்துறை அளவுகள் குடிமக்களுக்கு விலக்கப்பட்டதால்தான் அதே என்ஃபீல்ட் வழிவந்த அமைப்பில் .315 தோட்டா போடும் ரைபிள் நம் அரசு ஆலைகளில் உருவானது.

இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். வீட்டுக்கொரு ரைபிள் வேண்டும் என்பது என் கட்சியல்ல. அந்த வழியில் போன நாடுகளின் பள்ளிக்கூடங்களில் நடப்பதை நாளிதழில் படிக்கிறோம். துல்லியமான ஆயுதத்தை அரசு கட்டுப்படுத்துவது நியாயமே. நான் கேட்பது, அந்த நியாயத்துக்குப் பின்னால் 1858இன் அந்தக் குடைந்தெடுத்த குழலும் இருக்கிறது என்ற நினைவை மட்டும்தான்.

இந்த நினைவு யாருக்குத் தேவை என்று கேட்டால், நம் பகுதியிலேயே ஒரு விடை உண்டு. நாட்டுத்துப்பாக்கியோடு நம் மனதில் பதிந்துவிட்ட உருவம் நரிக்குறவருடையது. மருந்தை அளந்து கொட்டி, துணியோ நாரோ வைத்து இடித்து, பால்ரஸ் போட்டுக் கெட்டிக்கும் அந்தக் குழல் வழவழப்பானது. சிதறுவதுதான் அதன் வேலை. எந்த அளவு மருந்துக்கு எத்தனை அடியில் எவ்வளவு சிதறும் என்பதை அறிந்தால்தான் அதனால் பறவையை வீழ்த்த முடியும். அந்த அறிவுக்கு நூல் இல்லை, பதக்கமும் இல்லை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தத் தொழில் பெரும்பாலும் குற்றமாகிவிட்டது. பறவைகளுக்காக அச்சட்டம் வேண்டியதே. ஆனால் ஒரு தொழிலை எடுத்துக்கொண்ட அரசு, அம்மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 வரை எடுத்துக்கொண்டது. யார் எதைக் குறிபார்க்கலாம் என்று முடிவுசெய்வதில் காட்டிய வேகம், அவர்களுக்குத் தரவேண்டியதில் காட்டப்படவில்லை.

செஞ்சி 2025இல் மராட்டியப் படைத்தளங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இனி அங்கே வருபவர்கள் கூடுவார்கள். விளக்கப் பலகைகளும் வழிகாட்டிகளின் கதைகளும் கூடும். அந்தக் கதைகளில் குறி தவறாத வெள்ளைத் துப்பாக்கி மறுபடியும் நுழைந்துவிடக் கூடாது. அப்படியே தேவனாம்பட்டினத்தில், இடிந்துபோன கோட்டையின் பெயரைச் சொல்லும் இடத்தில், கிளைவின் பெயருக்குப் பக்கத்தில் ராபின்ஸின் பெயரும் எழுதப்படட்டும். கம்பெனிக்கு வேலை செய்ய வந்தவர்தான்; அவர் கட்டவந்த கோட்டைகள் நம்மைக் காக்க எழுந்தவையும் அல்ல. ஆனால் அன்றைய துப்பாக்கி எவ்வளவு பொய்த்தது என்பதைக் காகிதத்தில் துளையாகக் காட்டிவிட்டுப் போனவர் அவர். நம் தோல்வியைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் ஒரு சமாதானத்தை உடைக்க, அவருடைய காகிதத் திரைகளைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.